காதுகேளாதோரிடம் கருத்தாய்வு: களப்பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வினாநிரல் தயாரிப்பதும், அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்களுக்குப் பயிற்சி தருவதும் என் வேலை. பயிற்சி வகுப்பில் சைகை மொழி என்று ஆரம்பித்தவுடன் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. அவற்றையும், எங்கள் குழுவில் உள்ள காதுகேளாத சகப்பணியாளர் திருத்திக்கொடுத்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்தானே? தாளைக் கையில் கொடுத்துவிட்டால் போதாதா?

சிலருக்குப் போதும், பலருக்குப் போதாது. இதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. நாம் பள்ளிக்குப் போகும் முன்பே தமிழைக் காதால் கற்றுவிட்டோம். பிறகு கற்றது எழுத்தை மட்டும்தான். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு அந்த முதல் ஐந்து வருடம் கிடைப்பதில்லை. அதற்கு மொழியும் எழுத்தும் ஒரே நாளில் பலகையிலிருந்து வருகின்றன. சைகை மொழியில் கதையும் கேலியும் வாக்குவாதமும் சரளமாக ஓடுகிற ஒருவருக்கு அச்சிட்ட தமிழ் இரண்டாம் மொழியாகவே இருக்கக்கூடும்.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு டெங்கு கேள்வி. “டெங்கு காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்று அச்சிட்டிருந்தோம். தையல் வேலை செய்யும் ஒரு பெண், நிதானமாகப் படித்து, “இல்லை” என்ற கட்டத்தில் குறியிட்டார். பிறகு எங்கள் சகப்பணியாளர் சைகையில் விசாரித்தபோது, முந்தைய மழைக்காலத்தில் அவருடைய மகனே டெங்குவால் மருத்துவமனையில் கிடந்தது தெரிந்தது. பின்னே ஏன் “இல்லை”? அவர் “கேள்வி” என்ற சொல்லில் விரலை வைத்தார். அதே விரலைக் காதுக்குக் கொண்டுபோய், கையை விரித்துக் காட்டினார். காதே கேட்காது, எப்படிக் கேள்விப்படுவது?

தமிழில் வினவுவதும் “கேள்”தான், செவியால் அறிவதும் “கேள்”தான். அன்று மாலை அந்த வினாநிரலைத் திரும்பப் படித்தோம். “மனம் விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?”, “பிள்ளைகள் சொல்பேச்சுக் கேட்கிறார்களா?”, “அக்கம்பக்கத்தில் பேச்சுவார்த்தை உண்டா?” என்று பக்கத்துக்கு ஒன்றாவது அகப்பட்டது. எழுதியவன் நான்தான்.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்களே?

கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல், “பணம்” என்றும் “மணம்” என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கும். க, ங போன்றவை தொண்டைப் பக்கமே நின்றுவிடும். வீட்டு வருமானத்தை இப்படி விசாரிக்கலாம் என்று நினைக்கிறீர்களா?

சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் பிரச்சினை தீர்ந்ததா?

பாதி தீரும். மீதிப் பாதிதான் நுட்பமானது.

“வீட்டில் யாராவது உங்களை அடித்ததுண்டா?” என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் “அடி” என்பது அறை, குத்து, உதை, விளக்குமாற்றுச் சாத்து எல்லாவற்றையும் அணைத்துக்கொள்கிற சொல். சைகையில் அடிப்பதைக் காட்டும்போது கை விரிந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, யாரிடமிருந்து யாரை நோக்கிப் போகிறது, உடலில் எங்கே படுகிறது என்பதெல்லாம் சைகைக்குள்ளேயே வந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் கன்னத்தில் அறைவதாகக் காட்டினால், முதுகில் குத்து வாங்கிய பெண் உண்மையாகவே “இல்லை” என்பார். அடுத்த ஊரில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் நாலு விதமாகக் காட்டினால், அங்கே “ஆம்” கூடிவிடும். இரண்டு ஊருக்கும் இடையே வன்முறையில் வேறுபாடு இருப்பதாக நாம் அறிக்கை எழுதுவோம். உண்மையில் வேறுபட்டது கேள்வி.

கருத்தாய்வின் அடிப்படையே எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான். காது கேட்பவர்களிடம் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் வாசிக்க வேண்டும் என்று கணக்கெடுப்பாளரைக் கண்டிக்கிற நாம், சைகை என்று வந்ததும், “நீங்களே பார்த்து எப்படியாவது சொல்லிவிடுங்கள்” என்று மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அந்த நிமிடத்தில் அவர் நின்ற இடத்திலேயே ஒரு புதிய வினாநிரலை எழுதிக்கொண்டிருக்கிறார், யாரும் சரிபார்க்காத ஒன்றை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு மாவட்டத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள். நேற்று அதே பெண்ணின் கணவருக்கு வங்கியில் மொழிபெயர்த்தவர் இன்று குடும்ப வன்முறைக் கேள்வியோடு எதிரில் உட்கார்ந்திருப்பார். அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் அந்தப் பெண் வாயையும் திறக்க மாட்டார், கையையும் திறக்க மாட்டார்.

அப்படியானால் வேறு வழி?

கேள்விகளைச் சைகை மொழியிலேயே உருவாக்கி, காணொளியாகப் பதிந்து, தொடுதிரையில் வைப்பது. பதிலளிப்பவர் தானே பார்த்து, தானே தொட்டுப் பதில் சொல்வார். நடுவில் யாரும் இல்லை.

இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் காதுகேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரி 1968 முதல் இயங்குகிறது. அதனால் அந்த நகரில் சைகை மொழி பேசுவோர் அதிகம். ஆனால் அமெரிக்க மாநிலங்களின் உடல்நலப் பழக்கங்களைக் கணக்கெடுக்கிற பெரிய ஆய்வு, 1984இல் தொடங்கிய காலத்திலிருந்தே தொலைபேசியில் நடப்பது. எண்ணைச் சுழற்றி, எடுப்பவரிடம் கேள்வியை வாசிக்கிற முறை. மணி அடிப்பதே கேட்காதவர் அந்தக் கணக்கில் எப்படி வருவார்?

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் காதுகேளாதோர் நல ஆய்வு மையம் 2008இல் அந்த ஆய்வின் கேள்விகளைத் தழுவி அமெரிக்கச் சைகை மொழியில் ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. திரையில் வந்து கேள்வியைச் சொல்பவர் யார் என்பதைப் பதிலளிப்பவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முழுச் சைகை மொழியா, ஆங்கில வரிசையை ஒட்டிய சைகையா, எழுத்தும் சேர்ந்து வேண்டுமா என்பதும் அவர் விருப்பம். 339 பேரின் பதில்களை வைத்து 2011இல் வெளியான கட்டுரை, அந்த நகரின் பொது மக்களோடு ஒப்பிட்டால் காதுகேளாதோரிடம் மூன்று விஷயங்கள் மோசமாக இருப்பதைக் காட்டியது: உடற்பருமன், துணையால் நிகழும் வன்முறை, தற்கொலை முயற்சி. அதுவரை தொலைபேசி ஆய்வு சொல்லாத செய்தி இது. சொல்லவும் முடியாது.

அந்தக் கணக்கெடுப்பின் அமைப்பில் காதுகேளாதோர் ஆரம்பத்திலிருந்தே பங்காளிகளாக இருந்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தொடுதிரையை யாரும் வாங்கிவிடலாம்.

தமிழ் வினாநிரலை வரிக்கு வரி சைகையாக மாற்றினால் சரியா?

இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அது கையால் பேசும் தமிழும் அல்ல, இந்தியும் அல்ல. காலத்தை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகுதான் செயலுக்குப் போகும். வினாச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். பொதுவான ஒரே வினாச்சைகையோடு முகம் என்பதைச் சேர்த்தால் “யார்”, இடம் என்பதைச் சேர்த்தால் “எங்கே” என்று அமைவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆம்-இல்லைக் கேள்வி என்பதைப் புருவமும் கண்ணும் தலையின் சாய்வும் சொல்லும். ஆகவே முகம் இங்கே அலங்காரம் இல்லை, இலக்கணம்.

சில கேள்விகள் சைகைக்குப் போனதும் விடையைத் தாங்களே சொல்லிவிடும். “முக்கோணத்துக்கு எத்தனை பக்கம்?” என்பதைச் சைகையில் கேட்டுப் பாருங்கள். முக்கோணத்தை விரலால் காற்றில் வரையும்போதே மூன்று பக்கமும் வந்துவிடும். அறிவைச் சோதிக்கும் கேள்விகளில் இதைக் கவனிக்காவிட்டால் எல்லோரும் நூற்றுக்கு நூறு.

சில கேள்விகள் அடித்தளத்திலேயே உடையும். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் பட்டியலில், மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு மெதுவாகப் பேசுகிறீர்களா என்று ஒரு வரி உண்டு. வாயால் பேசாதவரிடம் அதை எப்படிக் கேட்பது? மெதுவாகச் சைகை செய்வது என்று மாற்றலாம். மாற்றினால் அது பழைய அளவுகோல்தானா என்று மறுபடியும் சோதிக்க வேண்டும். பிரிட்டனில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்தப் பட்டியலைப் பிரித்தானியச் சைகை மொழியில் உருவாக்கி, காதுகேளாதோரிடமே சோதித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் இதைச் செய்ய நினைப்பவர் முதலில் அதைப் படிக்கட்டும்.

நடைமுறையில் நாங்கள் செய்வது இது. கேள்வியின் நோக்கத்தை முதலில் ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொள்வோம். “அடி” கேள்வியென்றால், “உடலை நோவச் செய்த எந்தச் செயலும்” என்று. காதுகேளாதவர் இருவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உட்கார்ந்து அதற்குச் சைகை வடிவம் தேடுவார்கள். பதிவு செய்ததை, மூலத் தாளையே பார்த்திராத இன்னொருவரிடம் காட்டி, தமிழில் எழுதித் தரச் சொல்வோம். அவர் எழுதியதும் நாம் நினைத்ததும் ஒத்துப்போகிறதா பார்ப்போம். பிறகு வெவ்வேறு வயதுக்காரர் சிலரிடம் காட்டி, “இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று நினைத்தீர்கள்?” என்று விசாரிப்போம். கடைசிப் படியைத்தான் எல்லோரும் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் கேள்விகள் அதிகம் தோற்றதும் அங்கேதான்.

“முழுமையாக உடன்படுகிறேன்” முதல் “முற்றிலும் மறுக்கிறேன்” வரை ஐந்து படிகளை என்ன செய்வது?

முடிந்தால் தூக்கிப் போடுங்கள். அதிலும் எதிர்மறை வாக்கியத்தோடு சேர்ந்தால் (“எனக்கு யாரும் உதவுவதில்லை — மறுக்கிறேன்”) காது கேட்பவருக்கே தலை சுற்றும். எத்தனை நாள், எத்தனை முறை, யாரிடம் என்று நேராகக் கேட்க முடிகிற கேள்விகளாக மாற்றினால் சைகையில் தெளிவாக நிற்கும். அப்படியே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தால் ஒவ்வொரு படிக்கும் தனித்தனிக் காணொளி வேண்டும்.

காணொளி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காட்சிச் சட்டகம் தலைக்கு மேல் சற்று இடம் விட்டு இடுப்பு வரை இருக்கட்டும். முழங்கை வெளியே போகக்கூடாது. சட்டை ஒரே நிறம், தோலின் நிறத்தோடு கலக்காதது. கட்டம் போட்ட சட்டையில் விரல்கள் தொலைந்துவிடும். முகத்தில் நிழல் விழக்கூடாது. ஒரு கேள்விக்கு ஒரு துண்டு, ஒவ்வொரு விடைத் தேர்வுக்கும் ஒரு துண்டு. திரும்பப் பார்க்கும் பொத்தான் பெரிதாக இருக்கட்டும். காணொளி முடிந்ததும் தானாக அடுத்த கேள்விக்குத் தாவும்படி வைக்காதீர்கள். எழுத்தைக் கைகளின்மேல் ஓடவிடாதீர்கள். எல்லாவற்றையும் கருவியிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள். கிராமத்து அலைவரிசையை நம்பினால் சைகை பாதியில் உறைந்து நிற்கும், பதிலளிப்பவர் அதையும் ஒரு சைகையாகப் படிக்க முயல்வார்.

நேரில் நடத்துவதானால் சன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். தாளைக் காட்டிக்கொண்டே சைகையும் செய்யாதீர்கள். ஒரு ஜோடிக் கண்ணால் இரண்டையும் பார்க்க முடியாது.

வீட்டிலுள்ளவர்களே பதில் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

வயதையும் குடும்ப அட்டையையும் பற்றி வாங்கிக்கொள்ளலாம். மனநிலை, வன்முறை, விருப்பம், வாக்கு பற்றி வாங்கக்கூடாது. காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அந்தப் பெற்றோரில் பலர் சைகை மொழியை முறையாகக் கற்றதில்லை. “என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற 24 வயதுப் பிள்ளைக்கு என்ன பேச்சு நடக்கிறது என்று தெரியவில்லை. அந்தத் தாயின் அன்பில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படிவத்தில் இருந்தவை அவருடைய பதில்கள்.

பள்ளிக்கே போகாதவர், எந்தச் சைகை மொழியும் தெரியாதவர் என்றால்?

இதற்குக் காணொளியும் உதவாது. வீட்டுக்குள்ளேயே உருவான சைகைகளோடு வாழ்பவர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். இவர்களோடு உரையாட மிகத் தகுதியானவர் இன்னொரு காதுகேளாதவர்தான். சைகை, நடிப்பு, படம், கையில் கிடைக்கும் பொருள் எல்லாவற்றையும் கலந்து பொருளைக் கொண்டுசேர்க்கும் பழக்கம் அவருக்கு வாழ்க்கையிலேயே வந்தது. அவரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து வேலை செய்ய வேண்டும். நாற்பது கேள்வியை மறந்துவிட்டு ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நேர்காணல்களைவிடப் பல மடங்கு நேரம் ஆகும் என்பதைத் திட்டத்திலேயே எழுதி வைத்தால் மேற்பார்வையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மாதிரியை எங்கிருந்து எடுப்பது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறைபாடு உள்ளோர் 2001இல் 12.6 லட்சம், 2011இல் 50.7 லட்சம். பத்தாண்டில் நான்கு மடங்காவதற்கு நாட்டில் கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. 2001இல் காதுக்கருவி பயன்படுத்துவோரைக் குறைபாடு உள்ளவராகக் கணக்கில் சேர்க்கவில்லை, 2011இல் சேர்த்தார்கள். கேள்வியும் விளக்கமும் பயிற்சியும் மாறின, எண்ணும் மாறியது.

இந்த 50.7 லட்சத்தில் சைகை மொழி பேசுவோர் எத்தனை என்பதை அந்தக் கேள்வி சொல்லாது. வயதாகிக் காது மந்தமான தாத்தாவும் அதில் இருக்கிறார். சைகை தவிர வேறு மொழி அறியாத இளைஞரும் இருக்கிறார். “கேட்பதில் சிரமமா?” என்று ஒரு கேள்வியும், “எந்த மொழியில் உங்களுக்கு எளிது?” என்று இன்னொரு கேள்வியும் வேண்டும்.

மொழிக் கேள்வியும் ஏமாற்றும். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் 2021இல் பிரித்தானியச் சைகை மொழியை முதன்மை மொழி என்று குறித்தோர் சுமார் 22,000. பிரித்தானியக் காதுகேளாதோர் சங்கமோ, பிரிட்டன் முழுவதிலும் அதைப் பயன்படுத்தும் காதுகேளாதோர் 87,000 என்று மதிப்பிடுகிறது. “முதன்மை” என்ற ஒரு சொல் போதும், இரண்டு மொழியில் வாழ்பவர் தயங்கி ஆங்கிலம் என்று எழுதிவிட்டுப் போவார்.

முழுப் பட்டியல் இல்லாத இடத்தில் அறிந்தவர் வழியே அறிந்தவரைத் தேடிப்போகும் முறைதான் கைகொடுக்கும். தொடக்கப் புள்ளிகளை மட்டும் சிதறடித்துத் தேர்ந்தெடுங்கள். சங்கக் கூட்டத்துக்கு வருகிற ஆண்களிடமிருந்தே ஆரம்பித்தால், வீட்டை விட்டு வெளியே வராத பெண்கள் கடைசிவரை வரமாட்டார்கள். பழைய பள்ளித் தோழிகள் வழியாகப் போனால் வருவார்கள்.

பதிலையும் சைகையிலேயே பதிவு செய்யலாமா?

செய்யலாம், அருமையான பதில்கள் கிடைக்கும். ஆனால் சைகைப் பதிவு என்றால் முகம். பெயரை அழித்தாலும் ஆள் தெரிவார். முகத்தை மறைத்தால் இலக்கணமே போய்விடும். ஆகவே பதிவு செய்ய ஓர் ஒப்புதல், அதை யார் பார்க்கலாம் என்பதற்கு இன்னோர் ஒப்புதல், பயிற்சிக்கோ கூட்டத்திலோ காட்ட மூன்றாவது ஒப்புதல் என்று தனித்தனியே, சைகையிலேயே, கேட்க வேண்டும். தமிழாக்கி முடித்ததும் பதிவை எப்போது அழிப்போம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறிய சமூகம். அங்கே ஒருவரை ஒருவர் நடையை வைத்தே அடையாளம் காண்பார்கள்.

கணினி உருவாக்கும் சைகைப் பொம்மையைப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கலாமா?

விமான நிலைய அறிவிப்புக்கு வேண்டுமானால் பார்க்கலாம். புருவம் தவறினால் கேள்வியே மாறிவிடுகிற இடத்தில் இப்போதைக்கு நான் வைக்க மாட்டேன்.

படிவத்தில் என்ன சொல்லைப் போடுவது?

“செவிடர்”, “ஊமை” இரண்டும் வேண்டாம். இரண்டாவது தவறும்கூட, அவர்களுக்கு மொழி இருக்கிறது. “காதுகேளாதோர்” என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். அரசுப் படிவத்தில் “செவித்திறன் குறைபாடு” இருக்கும். எதிரில் இருப்பவர் தம்மை எப்படிக் குறிக்கிறாரோ அதைப் பின்பற்றுங்கள்.

முடிவுகளை அவர்களிடம் திருப்பிச் சொல்ல வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 31ஆம் பிரிவு புள்ளிவிவரம் சேகரிப்பதைப் பற்றியது, சேகரித்ததை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி பரப்புவதும் அரசின் பொறுப்பு என்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் “தகவல்தொடர்பு” என்பதன் விளக்கத்திலேயே சைகை மொழியைச் சேர்த்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னவருக்கு எண்பது பக்க ஆங்கில அறிக்கையின் பிரதி எதற்கு? ஐந்து நிமிடச் சைகைக் காணொளி எடுத்து அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். எங்கள் முதல் காணொளிக்குப் பதிலாக மூன்று திருத்தங்கள் வந்தன. ஒன்று எங்கள் கணக்கில் இருந்த பிழை.

நாளைக் காலை களத்துக்குப் போகிறேன். எதுவுமே தயாரில்லை. என்ன செய்யட்டும்?

இன்றிரவே மொழிபெயர்ப்பாளரை அழைத்து வினாநிரலை அனுப்புங்கள், நாளை வாசலில் வைத்து நீட்டாதீர்கள். “கேள்”, “பேச்சு”, “சத்தம்” வரும் வரிகளில் கோடு போடுங்கள். ஆம்-இல்லையில் முடியாத கேள்விகளுக்கு அவர் எந்தச் சைகையைப் பயன்படுத்தினார் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள், மறுநாள் அதையே பயன்படுத்தலாம். உங்கள் கண் பதிலளிப்பவரின் முகத்தில் இருக்கட்டும், மொழிபெயர்ப்பாளரின் முகத்தில் அல்ல. யாரிடமாவது கேட்க முடியாமல் போனால், “பதிலளிக்க மறுத்தார்” என்ற கட்டத்தில் குறியிடாதீர்கள். ஓரத்தில் பேனாவால் எழுதுங்கள்: “அவருடைய மொழியில் கேட்கப்படவில்லை.”